நெல் ஆலைத் தராசுச் செய்நிரல்: எல்லாவற்றையும் ஸ்டாட்டிக்காகக் கட்டிவிடலாமா?

தராசுக்காரன் (சம்மாந்துறை) | வெள்ளி, இரவு 9.12

அனைவருக்கும் வணக்கம், ஸலாம். பெரும்போக அறுவடை தொடங்கிவிட்டது, எனக்கு அவசரம். நேரே விடயத்துக்கு வருகிறேன்.

நெல் ஆலைகளுக்காக சி மொழியில் ஒரு செய்நிரல் எழுதியிருக்கிறேன். இலத்திரனியல் தராசு தொடர் வடம் வழியே அனுப்பும் எடையை வாங்கி, எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளத்தில் பதிந்து, பற்றுச்சீட்டு அச்சடிக்கும். உள்ளே மூன்று தனித்தனிச் செய்நிரல்கள்: எடை, பற்றுச்சீட்டு, நாளாந்த அறிக்கை. மூன்றுக்கும் பொதுவானதை ‘லிப்தராசு’ என்ற நூலகமாகப் பிரித்து, பகிர்வு நூலகமாக, அதாவது செய்நிரல்கள் ஓடும்போது ஏற்றிக்கொள்ளும் தனி எஸ்ஓ கோப்பாகக் கட்டியிருக்கிறேன்.

என் மடிக்கணினியில் உபுண்டு 22.04 லினக்ஸ். ஆலையில் டெபியன் 11 போட்ட பழைய பெட்டி. இணைய வசதி இல்லை. மாலையில் முதலாளி தன் கைத்தொலைபேசியைத் திறந்து கொடுத்தால் அறிக்கை மட்டும் போகும். இன்று பென்டிரைவில் கொண்டுபோய் ஓட்டினேன். ‘ஜிலிப்சி_2.34 பதிப்பு காணப்படவில்லை’ என்று ஒரே வரியில் படுத்துவிட்டது. ஜிலிப்சி என்பது இரண்டு பெட்டியிலும் உள்ள அடிப்படை சி நூலகம். வாசலில் நெல் ஏற்றிய உழவு இயந்திரங்கள் வரிசையாக நின்றன. பழையபடி கொப்பியில் எழுதித்தான் அனுப்பினோம்.

என் கேள்வி இதுதான். 2.34 இல் புதிதாக வந்த சார்பு எதையும் நான் அழைக்கவில்லை. பிறகு ஏன் இந்தப் பிழை? ‘-ஸ்டாட்டிக்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்து எல்லாவற்றையும் ஒரே கோப்புக்குள் அடைத்துவிட்டால் தொல்லை முடிந்துவிடாதா?

கோட்டைமுனை | வெள்ளி, இரவு 9.30

உங்கள் மடிக்கணினியில் உள்ள லிப்சி.எஸ்ஓ.6 கோப்பை, அதாவது ஜிலிப்சியை, ஆலைப் பெட்டியின் அதே இடத்தில் பிரதி செய்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

கல்லடிப் பாலம் | வெள்ளி, இரவு 9.34

தராசுக்காரன், மேலே சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள்!

நான் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஓர் அலுவலகச் சேவையகத்தில். லிப்சியை மாற்றிய அடுத்த நொடி கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் ஓடவில்லை, பிரதி செய்யும் சிபி ஓடவில்லை, பெயர் மாற்றும் எம்வி ஓடவில்லை. பழைய கோப்பைத் திரும்ப வைப்பதற்கும் சிபி வேண்டும்; அந்த சிபியே லிப்சியை நம்பித்தான் இருக்கிறது. லிப்சியும் அதை ஏற்றிவிடும் எல்டி.எஸ்ஓவும் ஒரே கட்டிலிருந்து வந்த சோடி. ஒன்றை மட்டும் மாற்றினால் முறைமையில் ஏறத்தாழ எல்லாமே விழும். கடைசியில் வெளியிலிருந்து வேறொரு லினக்ஸைத் துவக்கி, வட்டை ஏற்றித்தான் சரிசெய்தேன். காலை மூன்று மணி. இந்தக் கட்டளைகளை எல்லாம் ஒரே கோப்பில் வைத்திருக்கும், ஸ்டாட்டிக்காகக் கட்டிய பிஸிபொக்ஸ் ஒன்று அந்தப் பெட்டியில் இருந்திருந்தால், திறந்திருந்த முனையத்திலிருந்தே பத்து நிமிடத்தில் முடித்திருப்பேன். அன்றிலிருந்து என் பொறுப்பில் உள்ள எல்லாப் பெட்டிகளிலும் பிஸிபொக்ஸ் இருக்கிறது. பகிர்வு நூலகங்களின் பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக்கை டெபியன் ஸ்டாட்டிக்காகவே தருவதற்குக் காரணமும் இதே பயம்தான்.

வாவிக்கரை | வெள்ளி, இரவு 10.05

தம்பி, முதலில் உங்கள் ‘ஏன்’ என்ற கேள்விக்கு வருகிறேன். இதை விளங்கிக்கொண்டால் மற்றது தானாக வரும்.

ஆப்ஜ்டம்ப் கருவியைப் பெரிய ‘டி’ தெரிவோடு உங்கள் செய்நிரல்மேல் ஓட்டிப் பாருங்கள். வெளியிலிருந்து எதிர்பார்க்கும் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு பதிப்பு ஒட்டியிருக்கும். அதில் ‘__லிப்சி_ஸ்டார்ட்_மெயின்’ என்ற பெயருக்குப் பக்கத்தில் 2.34 என்று இருக்கும். அதை நீங்கள் எழுதவில்லை. மெயின் சார்பைக் கூப்பிடுவதற்காகத் தொகுப்பான் தானாகச் சேர்க்கும் துவக்கத் துண்டு அழைப்பது அது. 2021 ஓகஸ்டில் வந்த 2.34 இல் ஜிலிப்சி பெரிய வீட்டு வேலை பார்த்தது: பிதிரெட், டிஎல் என்று தனித்தனியாக இருந்த நூலகங்களை லிப்சிக்குள்ளேயே இழுத்துக்கொண்டது. இந்தத் துவக்கச் சார்புக்கும் புதுப் பதிப்பு அப்போதுதான் வந்தது. ஆகவே 2.34 இலோ அதற்குப் பின்னோ கட்டினால், ‘வணக்கம்’ என்று மட்டும் அச்சடிக்கும் ஐந்து வரிச் செய்நிரலும் 2.34 ஐக் கேட்கும். உபுண்டு 22.04 இல் இருப்பது 2.35. டெபியன் 11 இல் 2.31.

பழையதில் கட்டினால் புதியதில் ஓடும். புதியதில் கட்டினால் பழையதில் ஓடாது. பழைய பதிப்பு ஒட்டிய பெயர்களை ஜிலிப்சி கைவிடுவதில்லை. கட்டவேண்டிய இடம் உங்கள் புது மடிக்கணினி அல்ல, டெபியன் 11.

வந்தாறுமூலை மாணவன் | வெள்ளி, இரவு 10.41

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நூலகத்தைக் கட்டும் பயிற்சியில் எனக்கும் ஒரு சிக்கல். ஏஆர் கருவியால் ‘ஏ’ கோப்பு, அதாவது ஸ்டாட்டிக் நூலகம், செய்துவிட்டேன், பெயர் சரி, இடம் சரி. ஆனாலும் ‘வரையறுக்கப்படாத குறிப்பு’ என்று இணைப்பான் அடம்பிடிக்கிறது. தொகுப்பான் ஜிசிசிக்குப் பிறகு ‘-எல்கணக்கு’ என்று நூலகத்தை முதலில் கொடுத்து, அப்புறம் மெயின்.சி கொடுக்கிறேன்.

வாவிக்கரை | வெள்ளி, இரவு 10.52

இடம் மாற்றிக் கொடுங்கள் மகன். மெயின்.சி முதலில், நூலகம் கடைசியில்.

ஏ கோப்பு என்பது தொகுத்து முடித்த ஓ கோப்புகளைப் போட்டுக் கட்டிய ஒரு சாக்கு, வேறொன்றுமில்லை. இணைப்பான் இடமிருந்து வலமாகப் போகிறது. சாக்கைத் திறக்கும் அந்தக் கணத்தில் கையில் என்னென்ன பெயர்கள் தீராமல் கிடக்கின்றனவோ, அவற்றைத் தீர்க்கும் ஓ கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு சாக்கைக் கட்டிவிட்டு நகர்ந்துவிடும். நீங்கள் சாக்கை முதலில் நீட்டும்போது அதற்கு எந்தத் தேவையும் இல்லை. தேவை பிறகு வருகிறது. சாக்கு பின்னால் போய்விட்டது. இரண்டு சாக்குகள் ஒன்றையொன்று நம்பியிருந்தால் ஒன்றை இரண்டு தரம் எழுதுங்கள், அல்லது ‘ஸ்டார்ட்-குரூப்’, ‘எண்ட்-குரூப்’ இரண்டுக்கும் நடுவில் வையுங்கள்.

வந்தாறுமூலை மாணவன் | வெள்ளி, இரவு 10.58

சரியாகிவிட்டது சேர்! ஆனால் இதே வரிசையில் பகிர்வு நூலகம் கொடுத்தபோது நண்பனின் டெபியனில் வேலை செய்தது. என் உபுண்டுவில் அதுவும் இல்லை. அது ஏன்?

கல்லடிப் பாலம் | வெள்ளி, இரவு 11.03

உபுண்டு ‘ஆஸ்-நீடட்’ தெரிவை இயல்பாகவே போட்டுவிடுகிறது. அந்த நேரத்தில் தேவைப்படாத பகிர்வு நூலகத்தைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிடும். டெபியன் அப்படிச் செய்வதில்லை. நூலகம் கடைசியில் என்ற பழக்கம் வந்துவிட்டால் இரண்டிலும் தொல்லை இல்லை.

தராசுக்காரன் | சனி, காலை 6.20

வாவிக்கரை ஐயா, பெயருக்குப் பக்கத்தில் 2.34 என்று கண்ணால் பார்த்துவிட்டேன். நன்றி. ஆனாலும் மனம் கேட்காமல் ‘-ஸ்டாட்டிக்’ போட்டும் கட்டிப் பார்த்தேன். எடையும் பற்றுச்சீட்டும் சத்தமில்லாமல் கட்டுப்பட்டன. அறிக்கைச் செய்நிரலில் மட்டும் எச்சரிக்கை: சேவையகப் பெயரைத் தேடும் கெட்அட்ரின்ஃபோவைப் பயன்படுத்துகிறாய், ஓடும்போது கட்டிய அதே ஜிலிப்சிப் பதிப்பின் பகிர்வு நூலகங்கள் வேண்டும் என்கிறது. ஸ்டாட்டிக் என்றால் எதுவும் வேண்டாம் என்றுதானே அர்த்தம்?

வாவிக்கரை | சனி, காலை 7.15

ஜிலிப்சியில் அப்படி இல்லை. ஒரு சேவையகத்தின் பெயரை முகவரியாக மாற்ற, அந்தப் பெட்டியின் என்எஸ்எஸ்விட்ச் கோப்பைப் படித்து, அதில் எழுதியிருக்கும் கூறுகளை ஓடும்போதுதான் ஏற்றுகிறது. பயனர் பெயர் தேடும் சார்புகளுக்கும் இதே கதை. உங்கள் செய்நிரலின் வயிற்றுக்குள் இருப்பது 2.35; ஆலைப் பெட்டி தரும் கூறு 2.31 க்காகக் கட்டியது. ஓர் ஆலையில் ஓடும், இன்னோர் ஆலையில் விழும். அந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போகவேண்டாம்.

கோட்டைமுனை | சனி, காலை 8.02

நேற்றைய ஆலோசனைக்கு மன்னிக்கவும், எனக்கு ஒருமுறை தற்செயலாக வேலை செய்திருந்தது. முழு ஸ்டாட்டிக்தான் வேண்டும் என்றால் ஜிலிப்சிக்குப் பதில் மஸ்ல் என்ற இன்னொரு சி நூலகம் இருக்கிறதே? அல்பைன் லினக்ஸ் முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது. பெயர் தேடும் வேலையைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது, எதையும் வெளியிலிருந்து ஏற்றாது.

வாவிக்கரை | சனி, காலை 8.20

நல்ல யோசனை. தராசுக்காரன் நூலகங்கள் எல்லாவற்றையும் மஸ்லுக்காக மறுபடி கட்டவேண்டும், அவ்வளவுதான் செலவு. அறுவடை முடிந்த பிறகு செய்யலாம்.

மண்டூர் வயல் | சனி, காலை 9.47

நான் வேறு மாதிரிச் சொல்கிறேன். வயல் வாடிக்குக் காவலுக்குப் போகிறவன் கட்டுச்சோற்றோடு போகிறான். அங்கே கடை இருக்குமா, உலை வைக்க விறகு இருக்குமா என்று யோசிப்பதில்லை. இணையமே இல்லாத ஆலைப் பெட்டியும் ஒரு வாடிதான். ஸ்டாட்டிக்காகக் கட்டி அனுப்பிவிட்டு நிம்மதியாக இருங்கள். ஜிலிப்சியோடு கட்டிய மிகச் சிறிய ஸ்டாட்டிக் செய்நிரலும் ஏறத்தாழ 800 கிலோபைட் வரும் என்று அழுகிறார்கள். இன்றைக்கு ஒரு புகைப்படம் அதைவிடப் பெரியது.

கல்லடிப் பாலம் | சனி, காலை 10.10

கட்டுச்சோறு ஊசிப்போனால் யாருக்குத் தெரியும் அண்ணன்? 2002 இல் தரவைச் சுருக்கும் இசட்லிப் நூலகத்தில் ஒரே நினைவகத்தை இரண்டு தரம் விடுவிக்கும் பிழை கண்டுபிடித்தார்கள். பகிர்வு நூலகத்தைத் திருத்துவது ஒரு பொதியோடு முடிந்தது. ஆனால் எத்தனையோ செய்நிரல்கள் இசட்லிப்பைத் தங்களுக்குள் பிரதி எடுத்து வைத்திருந்தன. எவை எவை என்று தேடிப் பிடித்து ஒவ்வொன்றையும் மறுபடி கட்டவேண்டியிருந்தது. 2014 ஏப்ரலில் மறையாக்க நூலகமான ஓபன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வந்தபோதும் அப்படித்தான். பகிர்வு நூலகமாக இருந்த இடங்களில் 1.0.1 வரிசைக்கான திருத்தத்தைப் போட்டு, சேவைகளை மறுதொடக்கம் செய்தோம். ஸ்டாட்டிக்காக உள்ளே வைத்திருந்த ஒரு சாதனத்தை மூன்று மாதம் கழித்துத்தான் தற்செயலாகக் கண்டேன்.

மண்டூர் வயல் | சனி, காலை 10.31

கந்தூரிச் சோற்றில் ஏதாவது விழுந்தால் ஊரே படுக்கும் தங்கச்சி. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு வைத்தார்களே. தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவைக்கு அதன் லிப்எல்இசட்எம்ஏ நூலகம் தேவையே இல்லை. சில லினக்ஸ் வெளியீடுகள், சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் நூலகத்தை எஸ்எஸ்எச்சோடு இணைத்தன. அது தன் வாலில் இதையும் இழுத்துவந்தது. உள்நுழைய அரை விநாடி தாமதமாகிறதே என்று அண்ட்ரெஸ் ஃப்ரொயிண்ட் கிளறிப் பார்த்ததால் சோதனைப் பதிப்புகளோடு நின்றது.

கல்லடிப் பாலம் | சனி, காலை 10.44

அந்த உதாரணம் எனக்குத்தான் வாக்குச் சொல்கிறது. விடயம் வெளிவந்ததுமே ஒரு பொதியைப் பின்னுக்கு இழுத்து எல்லோரும் தப்பினார்கள். அது நூறு செய்நிரல்களுக்குள் கரைந்து போயிருந்தால்?

சரி, இணையமே இல்லாத பெட்டிக்கு இந்த வாதம் அவ்வளவாகப் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே யாரும் புதுப்பிக்கப் போவதில்லை.

ஒலுவில் அலை | சனி, பிற்பகல் 2.15

நீங்கள் எல்லோரும் பிறர் எழுதிய நூலகங்களைப் பற்றியே பேசுகிறீர்கள். தராசுக்காரன் தானே எழுதிய லிப்தராசுவில்தான் உண்மையான கண்ணி இருக்கிறது. என் கதையைக் கேளுங்கள், சிரித்தாலும் பரவாயில்லை.

நானும் முன்பு ஓர் ஆலைக்கு இதே மாதிரிச் செய்து கொடுத்தேன். எடைத் தரவுக்கு ஒரு ஸ்ட்ரக்ட், அதாவது புலங்களை வரிசையாக அடுக்கிய கட்டமைப்பு: முதலில் மொத்த எடை, அடுத்து வெறும் சாக்கின் எடை. இரண்டும் டபிள், அதாவது எட்டு பைட் தசம எண். ஒரு போகத்தில் ஆலைக்காரர் ஈரப்பதத்தையும் பதியச் சொன்னார். 14 சதவீதத்துக்கு மேல் போனால் விலை குறைப்பார்கள், ஆகவே வேண்டியதுதான். நான் ஈரப்பதத்தை எங்கே வைத்தேன்? நடுவில். பார்க்க அழகாக இருந்தது. நூலகத்தையும் எடைச் செய்நிரலையும் மட்டும் கட்டி, எஸ்ஓ கோப்பைப் பழைய பெயரிலேயே போட்டுவிட்டு வந்தேன். பற்றுச்சீட்டுச் செய்நிரலைத் தொடவில்லை. அதில்தான் எதையும் மாற்றவில்லையே!

பற்றுச்சீட்டுச் செய்நிரலுக்கு இரண்டாவது இடம் என்றால் இன்னும் சாக்கு எடைதான். ஈரப்பதம் 14 என்று வந்த மூட்டையில் சாக்குக்கு 14 கிலோ கழித்தது. எந்தப் பிழைச் செய்தியும் இல்லை, அழகாக அச்சடித்தது. பதினோராவது மூட்டையில் ஒரு பெரியவர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “வெறும் சாக்கு 14 கிலோவா மகன்? உள்ளே யாரும் படுத்திருக்கிறானா?” என்று கேட்டார். களவு தராசு என்று பேர் வந்துவிட்டது. அந்தப் பேரைத் துடைக்க இரண்டு போகம் எடுத்தது.

வாவிக்கரை | சனி, பிற்பகல் 3.02

சிரிக்கவில்லை தம்பி. இன்னொன்றும் நடந்திருக்கிறது, கவனித்தீர்களா? இடத்தை ஒதுக்கியது பழைய செய்நிரல், இரண்டு டபிளுக்குப் பதினாறு பைட். நூலகம் அங்கே மூன்று டபிள் எழுதியது. எட்டு பைட் யாருடையதோ நிலத்தில் விழுந்திருக்கிறது. அன்று செய்நிரல் விழாமல் நின்றதுதான் உங்கள் துரதிர்ஷ்டம். விழுந்திருந்தால் முதல் மூட்டையிலேயே தெரிந்திருக்கும்.

இதற்காகத்தான் எஸ்ஓநேம் இருக்கிறது. கட்டும்போது ‘லிப்தராசு.எஸ்ஓ.1’ என்று உள்ளே எழுதிவிடவேண்டும். செய்நிரல் அந்தப் பெயரைத்தான் மனத்தில் வைத்துக்கொள்ளும். ரீட்எல்ஃப் கருவியில் ‘நீடட்’ என்ற வரியில் பார்க்கலாம். வடிவம் மாறினால் எண்ணை 2 ஆக்குங்கள். பழைய செய்நிரல் 1 ஐத் தேடும், கிடைக்காவிட்டால் ஓட மறுக்கும். பொய்ச் சீட்டு அடிப்பதைவிட மறுப்பது மேல். புதுப் புலத்தைக் கடைசியில் சேர்த்தால் போதும் என்று நினைக்கவேண்டாம், அளவு மாறினாலே வடிவம் மாறியதுதான்.

ஒலுவில் அலை | சனி, பிற்பகல் 3.20

ஸ்டாட்டிக்காக இருந்திருந்தால் பற்றுச்சீட்டுச் செய்நிரல் தன் பழைய நூலகத்தோடு பழைய மாதிரியே ஓடியிருக்கும். அதுதான் நான் சொல்லவந்தது.

தராசுக்காரன் | சனி, மாலை 6.40

நெஞ்சு படபடக்கிறது. எனக்கும் நடுவில் ஈரப்பதம் சேர்க்கும் எண்ணம் இருந்தது.

ஒரு சந்தேகம். அக்கரைப்பற்றிலும் செங்கலடியிலும் இன்னும் இரண்டு ஆலைகள் கேட்டிருக்கிறார்கள். பஸ்ஸில்தான் போகவேண்டும். பகிர்வு நூலகம் என்றால் ஒரு சின்ன எஸ்ஓ கோப்பை ஆலைக்காரருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பி, இதற்கு மேல் பிரதி செய்யுங்கள் என்று சொல்லலாமே?

கல்லடிப் பாலம் | சனி, மாலை 7.05

ஓடிக்கொண்டிருக்கும்போது பிரதி செய்தால் செய்நிரல் விழும். ஓடுகிற செய்நிரல் கோப்பின்மேல் எழுதப்போனால் ‘கோப்பு பயன்பாட்டில் உள்ளது’ என்று இயக்க முறைமையின் கருவான கேர்னல் தடுத்துவிடும். பகிர்வு நூலகத்துக்கு அந்தக் காவல் இல்லை. சிபி அதே கோப்பை வெறுமையாக்கிவிட்டு மேலே எழுதுகிறது. அந்தக் கோப்பையே நினைவகத்தில் வரைந்து வைத்திருக்கும் செய்நிரலின் காலடியில் நிலம் போய்விடும். புதுக் கோப்பை வேறு பெயரில் பக்கத்தில் வைத்து எம்வியால் பெயர் மாற்றவேண்டும். அப்போது ஓடுவது பழைய கோப்பைப் பிடித்துக்கொண்டே இருக்கும், அடுத்த தொடக்கத்தில் புதியது வரும். இதை ஆலைக்காரருக்குத் தொலைபேசியில் விளங்கப்படுத்துவீர்களா?

வாவிக்கரை | ஞாயிறு, காலை 8.30

இரவு யோசித்தேன். இந்த வேலைக்கு என் தீர்ப்பு இது. ‘எல்லாம் ஸ்டாட்டிக்’ ‘எல்லாம் பகிர்வு’ என்று இரண்டு கட்சி கட்டவேண்டியதில்லை. யார் எதைப் பராமரிக்கிறார் என்று பார்த்துக் கோடு போடுங்கள்.

லிப்தராசுவை எழுதுவதும் திருத்துவதும் நீங்கள். அதை ஸ்டாட்டிக்காக உள்ளே வையுங்கள். எஸ்கியூலைட்டும் அப்படியே. அதை எழுதியவர்களே முழுவதையும் ஒரே சி கோப்பாகத் தருகிறார்கள், உங்கள் கோப்புகளோடு சேர்த்துத் தொகுத்தால் முடிந்தது. ஜிலிப்சி பெட்டியோடு வந்தது, கேர்னலோடும் பெயர் தேடலோடும் அதற்கு உறவு இருக்கிறது. அதைப் பகிர்வாகவே விடுங்கள். கட்டுவது டெபியன் 11 இல். மடிக்கணினியிலேயே டொக்கர் என்ற தனிச்சூழல் கருவிக்குள் டெபியன் 11 ஐ வைத்துக்கொள்ளலாம், ஒருமுறை இறக்கினால் போதும்.

ஒரு சிறு பொறி இருக்கிறது. ஒரே கோப்புறையில் லிப்தராசுவின் ஏ கோப்பும் எஸ்ஓ கோப்பும் கிடந்தால் ‘-எல்தராசு’ என்பது எஸ்ஓவைத்தான் எடுக்கும். ‘-எல்’ க்குப் பின் முக்காற்புள்ளி போட்டு ‘லிப்தராசு.ஏ’ என்று முழுப் பெயரையும் கொடுத்துவிடுங்கள். கட்டிய பிறகு, தேவைப்படும் பகிர்வு நூலகங்களைப் பட்டியலிடும் எல்டிடியில் பார்த்தால் லிப்தராசுவின் பெயர் வரக்கூடாது.

கோட்டைமுனை | ஞாயிறு, காலை 9.11

உரிமத்தையும் ஒரு சொல் சொல்லிவிடுகிறேன். ஜிலிப்சி எல்ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் வருவது. அதை ஸ்டாட்டிக்காக வைத்து மூலநிரல் கொடுக்காமல் விற்றால், வாங்கியவர் திருத்திய நூலகத்தோடு மறுபடி இணைத்துக்கொள்வதற்கு உங்கள் ஓ கோப்புகளையாவது கொடுக்கவேண்டும். வாவிக்கரை ஐயா சொன்ன வழியில் அந்தத் தலையிடியும் இல்லை. எஸ்கியூலைட் பொதுச்சொத்து.

கல்லடிப் பாலம் | ஞாயிறு, காலை 9.40

நான் இதற்கு உடன்படுகிறேன், ஒரு நிபந்தனையோடு. ஸ்டாட்டிக்காக உள்ளே என்ன வைத்தீர்கள், எந்தப் பதிப்பு என்று எங்காவது எழுதிவையுங்கள். ஹார்ட்பிளீட் நேரத்தில் நான் தேடியதுபோல நீங்களும் பின்பு தேடவேண்டாம். செய்நிரலே சொன்னால் இன்னும் நல்லது.

தராசுக்காரன் | புதன், இரவு 10.25

அல்ஹம்துலில்லாஹ், ஓடுகிறது.

டெபியன் 11 டொக்கருக்குள் கட்டினேன். ஆப்ஜ்டம்ப்பில் 2.31 ஐத் தாண்டி எதுவும் இல்லை. எல்டிடியில் லிப்சியும் அதன் கூட்டாளிகளும் மட்டும். மூன்று செய்நிரல்களிலும் எஸ்கியூலைட் மூன்று பிரதியாக இருக்கிறது, ஒவ்வொன்றும் ஒரு மெகாபைட்டைச் சுற்றி. மண்டூர் அண்ணன் சொன்னதுபோல யாருக்கும் வலிக்கவில்லை. ஈரப்பதத்தையும் சேர்த்துவிட்டேன். மூன்றையும் ஒன்றாகக் கட்டி, ஒரே கோப்புறையாகத்தான் கொண்டுபோகிறேன். தனியாக ஒன்றை மட்டும் மாற்றும் வழியையே எடுத்துவிட்டேன்.

கல்லடி அக்கா கேட்டபடி ஒவ்வொரு பற்றுச்சீட்டின் அடியிலும் செய்நிரலின் பதிப்பும் உள்ளே இருக்கும் எஸ்கியூலைட்டின் பதிப்பும் சின்ன எழுத்தில் அச்சாகின்றன. நேற்று ஒருவர் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இந்த லொத்தர் எப்போது சீட்டிழுப்பு என்று கேட்டார்.